தடுப்பூசியே மாட்டுக்குக் கட்டி நோயைக் கொண்டு வந்ததா? மரபணு ஆய்வு சொல்லும் பதில்

"ஊசி போட்ட பிறகுதான் மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி வந்தது." தோல் கழலை நோய் எட்டிப் பார்த்த நாடுகளில் மாடு வளர்ப்போர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. கால்நடை அதிகாரிகள் பெரும்பாலும் இதை வதந்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். மாட்டுக்காரரோ தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை எடுத்துக் காட்டியது, கிருமியின் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்த ஆய்வுக்கூடங்கள்.

மலேசியத் தமிழருக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. 2020 அக்டோபரில் வியட்நாமில் தெரிய வந்த இந்நோய், 2021-இன் முற்பகுதியில் தாய்லாந்துக்கும், அவ்வாண்டின் நடுப்பகுதியில் தீபகற்ப மலேசியாவுக்கும் வந்து சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ரியாவ், மார்ச்சில் சிங்கப்பூர் என்று அது தொடர்ந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஐந்தாறு மாடுகளை வைத்துக்கொண்டு, அக்கம் பக்கத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே உண்டு. ஒரு கறவை மாட்டுக்குப் பால் வற்றிப் போனாலே அந்த வீட்டின் மாதக் கணக்கு இடிக்கும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. காய்ச்சல் வரும். பிறகு தோலில் ஐம்பது காசு அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் கெட்டியான கட்டிகள் எழும்பும். பால் குறையும், கால் வீங்கும், சினை கலையலாம். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுகிறது. பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை சாகும் என்பது பொதுவான கணக்கு. புதிதாக நோய் நுழையும் இடத்தில் அதற்கு மேலும் போகலாம். மனிதருக்கு இது தொற்றாது. 1929-இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதலில் பதிவான இந்நோய், பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2013-இல் துருக்கி, 2015-இல் கிரேக்கமும் ரஷ்யாவும், 2019-இல் இந்தியாவும் சீனாவும், 2025 ஜூனில் இத்தாலியும் பிரான்சும் என்று அதன் எல்லை விரிந்துகொண்டே போகிறது.

ஒரு பக்கம் வாசித்தால் போதாது

கட்டியிலிருந்து எடுத்த பொருக்கை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முதலில் செய்வது பி.சி.ஆர். சோதனை. கோவிட் காலத்துக்குப் பிறகு இந்தப் பெயர் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. குறிப்பிட்ட கிருமியின் மரபணுவில் ஒரு சிறு பகுதி மாதிரியில் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்கும். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். செலவும் குறைவு.

மரபணு வரிசைப்படுத்தல் வேறு காரியம். தோல் கழலைக் கிருமியின் மரபணு ஏறக்குறைய 1,51,000 எழுத்துகள் நீளமானது. அதில் 156 மரபணுக்கள் இருப்பதாக 2001-இல் முதன்முறையாக முழுவதையும் வாசித்தவர்கள் கணக்கிட்டார்கள். பி.சி.ஆர். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டி, "இது இன்ன புத்தகம்தான்" என்று சொல்வது போல. வரிசைப்படுத்தல் அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து, எந்த அச்சகத்தில், எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, யார் எந்த வரியைத் திருத்தினார்கள் என்று சொல்வது.

மாட்டுக்கு நோய் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஊசியின் காரணமாகத்தான் இது நுணுக்கமான விஷயமாகிறது.

தோல் கழலை நோய்க்குப் பரவலாகப் பயன்படும் தடுப்பூசி, உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. தென்னாப்பிரிக்காவில் உருவான நீத்லிங் வகை அவற்றில் முக்கியமானது. அதைப் போட்ட மாடுகளில் சிலவற்றுக்கு லேசான காய்ச்சலும் சிறு கட்டிகளும் வருவதுண்டு. தானாக ஆறிவிடும். ஆக, ஊசி போட்ட இரண்டு வாரத்தில் ஒரு மாட்டுக்குக் கட்டி கண்டால், அது ஊசியின் எதிர்வினையா, ஊசிக்கு முன்பே தொற்றிய உண்மையான நோயா என்று வெறுங்கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. மாட்டுக்காரர் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ஊசிக் கிருமிக்கும் வெளிக் கிருமிக்கும் மரபணுவில் சில இடங்களில் வேறுபாடு உண்டு. அந்த இடங்களை மட்டும் சோதித்து இரண்டையும் பிரித்துச் சொல்லும் பி.சி.ஆர். முறைகளும் வந்தன. 2017 வரை அது போதுமானதாகத்தான் தெரிந்தது.

கஜகஸ்தானில் நடந்தது

2016-இல் கஜகஸ்தானில் நோய் கண்டது. அந்நாடு கென்யாவில் தயாரான 'லம்பிவேக்ஸ்' என்ற தடுப்பூசியை வாங்கி, மாடுகளுக்குப் பெருமளவில் போட்டது. மறு ஆண்டு, எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் சராத்தோவ் பகுதியில் நோயுற்ற மாடுகளிடமிருந்து எடுத்த கிருமி ஆய்வாளர்களைக் குழப்பியது. மரபணுவின் ஓர் இடத்தைச் சோதித்தால் 'ஊசிக் கிருமி' என்றது. இன்னோர் இடத்தைச் சோதித்தால் 'வெளிக் கிருமி' என்றது. ரஷ்யா அங்கே இந்த வகை ஊசியைப் பயன்படுத்தவே இல்லை.

முழு மரபணுவையும் வாசித்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அது இரண்டும் கலந்த கிருமி. இரண்டு வகைக் கிருமிகள் ஒரே உயிரணுவுக்குள் பெருகும்போது, ஒன்றின் துண்டு மற்றதில் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. இப்படிக் கலப்பாகப் பிறந்த கிருமி 2019-இல் சீனாவின் சின்ஜியாங்கிலும், பிறகு வியட்நாமிலும் தாய்லாந்திலும் பிடிபட்டது. அதாவது, தென்கிழக்காசியாவுக்குள் நுழைந்த கிருமியின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காட்டில் நேரடியாக இல்லை. நடுவே ஒரு சீசா இருந்தது.

அந்தச் சீசாவைத் திறந்து பார்த்தவர்கள் பெல்ஜியத்தின் சியன்சானோ ஆய்வு நிலையத்தினர். லம்பிவேக்ஸின் இரண்டு உற்பத்தித் தொகுதிகளை எடுத்து, அவற்றில் இருந்த மரபணு முழுவதையும் வாசித்தார்கள். முடிவு 2022-இல் வெளியானது. வெறும் நீத்லிங் கிருமி மட்டுமே உள்ளதாகப் பெயர்ச்சீட்டு சொன்ன மருந்தில், நீத்லிங் வகையோடு கென்யாவின் இன்னொரு தடுப்பூசிக் கிருமியும், ஆட்டு அம்மைக் கிருமியும் சேர்ந்திருந்தன. அதைவிட முக்கியமாக, ரஷ்யாவிலும் சீனாவிலும் கண்ட கலப்புக் கிருமிகளை ஏறக்குறைய அப்படியே ஒத்த கிருமிகளும் அதே மருந்தில் கிடைத்தன. கலப்பு நான்கு வகையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் துண்டுகள் இடம் மாறியது 126 முதல் 146 தடவை வரை. இரண்டு சீட்டுக்கட்டைப் பல முறை கலைத்துப் போட்டது போன்ற இந்தக் கலப்பு, ஒரு மாட்டின் உடம்பில் ஓரிரு மாதத்தில் நடந்திருக்க வாய்ப்பில்லை, தடுப்பூசிக்கான மூலக் கிருமியை வளர்த்தபோதே நடந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆசியாவில் பரவிய கலப்புக் கிருமிகள் அந்த ஊசி போட்ட மாடுகளிடமிருந்து வெளியேறியவையாக இருப்பதே மிக அதிகச் சாத்தியம் என்றும் எழுதினார்கள்.

ஆக, 'ஊசியால் வந்தது' என்ற பேச்சில் உண்மை இருந்தது. ஒரு குறிப்பிட்ட நாட்டில், ஒரு குறிப்பிட்ட மருந்தில், தரக் கட்டுப்பாடு சறுக்கிய இடத்தில் இருந்தது.

கதையை இதோடு நிறுத்திவிட்டால் ஆபத்து. புலனத்தில் சுற்றும் காணொளிகள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்திவிடுகின்றன. கஜகஸ்தானில் ஊசி போட்ட அதே காலத்தில், கிரேக்கம், பல்கேரியா, செர்பியா, அல்பேனியா உள்ளிட்ட பால்கன் நாடுகளும் நீத்லிங் வகை ஊசியைப் பெருமளவில் போட்டன. அவை வேறு தயாரிப்பாளர்களின் மருந்து. 2016-இல் அங்கே பதிவான நோய்ப் பரவல்கள் 7,483. மறு ஆண்டு 385. வீழ்ச்சி 95 விழுக்காடு. அதே வகை ஊசிதான். தயாரிப்பு ஒழுங்காக இருந்த இடத்தில் நோய் ஒடுங்கியது. ஊசியே வேண்டாம் என்று சொல்வதற்கு மரபணு ஆய்வைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அதே ஆய்வின் மறுபாதியை மறைக்கிறார்கள். 'எல்லாத் தடுப்பூசியும் பாதுகாப்பானது, கேள்வி கேட்காதீர்கள்' என்று சொல்லும் அதிகாரியும் அதே தவற்றைத்தான் வேறு பக்கத்திலிருந்து செய்கிறார். மாட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஊசி நல்லதா கெட்டதா என்பது அல்ல. எந்த ஊசி, யார் தயாரித்தது, எந்தத் தொகுதி, அதைச் சோதித்தார்களா என்பதே.

இந்தியாவில் வேறு கதை

நம் வீடுகளுக்கு உறவினர் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வந்து சேரும் படங்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சாலையோரம் மாடுகள் செத்துக் கிடந்த காட்சிகளைப் பார்க்காதவர் குறைவு. அவ்வாண்டு அந்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. இதே நோய்தான் 2019-இல் ஒடிசாவில் நுழைந்தபோது இவ்வளவு உயிர்களைக் குடிக்கவில்லை. இடையில் என்ன மாறியது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரா, கர்நாடகா மாநிலங்களில் எடுத்த 22 மாதிரிகளின் முழு மரபணுவையும் வாசித்து, 2024-இல் முடிவை வெளியிட்டது. ஒன்று அல்ல, இரண்டு வகைக் கிருமிகள் சுற்றியிருந்தன. ஒரு வகையில் மாற்றங்கள் குறைவு. அது 2019, 2020-இல் ராஞ்சியிலும் ஹைதராபாத்திலும் கண்டதோடு ஒத்துப்போனது. இன்னொரு வகையில் மாற்றங்கள் மிக அதிகம். அது 2015-இல் ரஷ்யாவில் பரவிய கிருமியை ஒத்திருந்தது. இந்தியாவின் கதையும் தென்கிழக்காசியாவின் கதையும் பெயரில் ஒன்று, வழியில் வேறு. ராஜஸ்தான் காணொளியைப் பார்த்து, இங்கே கொட்டகையில் நிற்கும் மாட்டின் கதியை முடிவு செய்ய முடியாது.

சுங்கை நிப்பாவை மறக்கலாமா

மரபணுவைப் படிக்கத் தாமதமானால் என்ன விலை என்பதை மலேசியர்களுக்கு வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள் மூளைக் காய்ச்சலால் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று தீர்மானமானது. கொசுவுக்குப் புகையடித்தார்கள், அந்நோய்க்கான ஊசியைப் போட்டார்கள். நோயோ நிற்கவில்லை. ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். அந்த மூளைக் காய்ச்சல் பொதுவாகப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றியோடு வேலை செய்த பெரியவர்கள். இதற்கிடையே, நோயுற்ற பன்றிகள் லோரி ஏறித் தெற்கே போயின. நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் என்று பற்றி எரிந்தது.

1999 மார்ச்சில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தபோது, அது கொசுவால் பரவும் குடும்பத்தையே சேர்ந்ததல்ல என்று தெரிந்தது. அதன் மரபணு, 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய உறவு. அந்த ஒரு விடை எல்லாவற்றையும் மாற்றியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள். பழந்தின்னி வௌவால்களிடம் மூலத்தைத் தேடும் வழியும் அங்கிருந்துதான் திறந்தது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடிப்போனது. அன்றைக்கு வரிசைப்படுத்தும் கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு எளிதில் நகர்த்த முடியாத ஒன்று. இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் கருவியை மடிக்கணினியில் செருகி, நிப்பாவின் 18,000 சொச்சம் எழுத்துகளை ஓரிரு நாளில் படித்துவிட முடியும். கருவி இப்போது பெரிய தடையாக இல்லை. மாதிரி கிடைப்பதுதான் தடை.

தோட்டத்து ஓரம் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாட்டுக்குக் கட்டி வந்தால் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று சிறு வளர்ப்பாளருக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் மாட்டை வெளியே கொண்டுபோகத் தடை வரும். ஹரிராயா ஹாஜி நேரமாக இருந்தால், ஆண்டு முழுவதும் எதிர்பார்த்த விற்பனை போய்விடும். மேய்ச்சல் நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. அங்கே மாடு நிற்பதையே விரும்பாத நிர்வாகத்துக்கு, 'நோய்' என்ற சொல் கையில் கொடுத்த கோல் மாதிரி. பதிவு இல்லாத கொட்டகை என்றால் பயம் இன்னும் கூடும். ஆகவே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். அந்தப் பூச்சு புண்ணுக்கு இதமாக இருக்கலாம். கிருமி எது என்று அதனால் தெரியப்போவதில்லை.

இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமல்ல. மாதிரி கொடுத்தவருக்குத் திரும்ப என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் 'நோய் உறுதி' என்ற ஒற்றை வரி. அது வெளிக் கிருமியா, ஊசிக் கிருமியா, கலப்பா என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது அதைவிட அரிது. சொல்லியிருந்தால், அடுத்த முறை ஊசி போட அழைக்கும்போது அவர் மாட்டை உள்ளே ஓட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார். நோய் பரவிய ஊரில் ஊசி வேண்டாம் என்று பாதிப் பேர் ஒதுங்கினால், மீதிப் பேரின் மாடுகளுக்கும் காப்பு குறைகிறது.

காணை நோய் என்றும் கோமாரி என்றும் சொல்லப்படும் கால் வாய் நோயிலும் இதே பாடம் பல காலமாக இருக்கிறது. அந்தக் கிருமியில் ஏழு வகைகள். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் கிளைகள் மாறினால் காப்பு குறையலாம். தீபகற்ப மலேசியாவில் நிலைத்துவிட்ட நோய் அது. எந்தக் கிளை சுற்றுகிறது என்று அவ்வப்போது படித்துப் பார்க்காமல் ஊசி வாங்குவது, பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்குவதுதான். தாய்லாந்து எல்லையைத் தாண்டி மாடுகள் வரும் நாட்டில் இந்தப் படிப்பு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சடங்காக இருக்க முடியாது.

மாடு வளர்ப்போர் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஊசி போடும் நாளில், சீசாவில் உள்ள மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் போட்டார்கள் என்று சுவர் நாட்காட்டியிலேயே குறித்தால் போதும். பிறகு கட்டி வந்தால், ஊசிக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை நாள் என்பது ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய துப்பு. முடிவு வரும்போது, "ஊசிக் கிருமியா, வெளிக் கிருமியா" என்று அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அது வரம்பு மீறிய கேள்வி அல்ல. கேட்பவர்கள் கூடினால், சொல்ல வேண்டிய கட்டாயமும் கூடும்.

தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டதே என்று தயங்குவோருக்கு ஒன்று. இந்தக் கிருமி, காய்ந்த பொருக்கிலும் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கக் கூடியது. கட்டி உடைந்து மாடு தேறிவரும் நிலையிலும், பொருக்கு இருக்கும் வரை கால்நடைப் பணியாளரால் மாதிரி எடுக்க முடியும்.